ஒரு முழ ரப்பர்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இரண்டு விதக் காற்றோடு பழக்கம் வேண்டும். கீழே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில், அடர்ந்த காற்று. ஐம்பது கிலோமீட்டர் மலையேறினால் 2,240 மீட்டரில் ஊட்டி. அங்கே காற்று மெலிந்துவிடும். காலையில் இங்கே டியூனிங் பார்த்து அனுப்பிய வண்டி மதியம் அங்கே வேறு குணம் காட்டும். இந்த மலைப் பாதையில் ஏறி இறங்கும் பழைய ஜிப்ஸிகளையும் டீசல் ஜீப்புகளையும் வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

"இழுக்கலைங்க", "சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுதுங்க", "பெட்ரோல் குடிக்குதுங்க" என்று எந்தக் குறையோடு வந்தாலும், பானெட்டைத் தூக்கியதும் என் கை முதலில் போகும் இடம் வேக்கம் ஹோஸ். எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால் சில முழம் ரப்பர்தான். ஆனால் வண்டியின் ஓட்டமும் மைலேஜும், எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக்கும், அந்த ரப்பரை நம்பித்தான் இருக்கின்றன.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்ப்ரேட்டரின் த்ராட்டில் தகடு வழியை அடைத்துவிடும். பிஸ்டன் இழுத்துக்கொண்டே இருக்கிறது, வேண்டிய அளவுக்குக் காற்று வர வழியில்லை. மேனிபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் வேக்கம் என்கிறோம். தனியாக மோட்டார் எதுவும் வைக்காமல் கிடைக்கிற சக்தி இது. பிரேக் பூஸ்டர் இதில் வேலை செய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் டயஃப்ரம் இதை வைத்துத்தான், காலை லேசாக வைத்து ஓட்டும்போது டைமிங்கை முன்னே தள்ளுகிறது. கிராங்க் கேஸில் தேங்கும் புகையை பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இழுத்து எரிப்பதும் இதுதான். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோஸ்.

அந்த ஹோஸில் ஓர் இடத்தில் வெடிப்பு விட்டால், கார்ப்ரேட்டர் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. கலவை மெலிகிறது. ஐடிலிங் ஏறி இறங்குகிறது, காலை எடுத்தால் வண்டி நின்றுபோகிறது. இத்தனைக்கும் கார்ப்ரேட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் முதலில் ஸ்க்ரூ டிரைவர் போவது அதன் மேல்தான்.

ஜிப்ஸி 1985-இன் கடைசியில் வந்த வண்டி. முதலில் வந்ததில் 970 சிசி இன்ஜின். 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சிசி. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அப்படியென்றால் கார்ப்ரேட்டர் வைத்த கடைசி ஜிப்ஸிக்கே இன்று வயது இருபத்தைந்தைத் தொட்டுவிட்டது. பட்டாளத்திலும் வனத்துறையிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்துவிட்டு ஏலத்தில் கைமாறி வந்த வண்டிகள் இவை. பெயின்ட் அடித்திருப்பார்கள், அகல டயர் போட்டிருப்பார்கள், முன்னால் வின்ச்கூட இருக்கும். ஏர் கிளீனருக்கு அடியில் கையை விட்டால் கம்பெனியில் போட்ட அதே ஹோஸ் விரலில் தட்டும்.

ரப்பருக்கு மூன்று எதிரிகள். முதலாவது சூடு. வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, ஏறி ஆறி, ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. இரண்டாவது எண்ணெய். பிசிவி ஹோஸ் இதற்கு நேர்மாறாகக் கெடும். ஆயில் புகையைக் குடித்துக் குடித்து ஊதி, கொழகொழத்துப் போகும். மூன்றாவது காற்றில் இருக்கும் ஓசோன். இது வேலை செய்யும் விதத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் வெடிப்பைத் தேடுவது சுலபம். இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் ஓசோன் தாக்கும். வெடிப்பு அந்த இழுவைக்குக் குறுக்கே விழும். ஹோஸில் இழுவை எங்கே? வளைவின் வெளிப்பக்கத்தில், நிப்பிள் மேல் ஏறி விரிந்திருக்கும் நுனியில். நேராகப் போகும் பாகம் புதிதுபோல மின்னும், நுனியில் கால் அங்குலம் மட்டும் வாய் பிளந்திருக்கும். பெரும்பாலும் அந்த வாய் கீழ்ப்பக்கம்தான் இருக்கும், மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி தன் ஜிப்ஸி கிங்கை இறக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே வேறு இடங்களில் கார்ப்ரேட்டருக்கு கிட் மாற்றி, ஜெட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். "அண்ணா, காசு செலவழிக்க நான் தயங்கலைங்க. ஆனா எவ்வளவு செலவழிச்சாலும் பழைய வண்டி திரும்ப வர மாட்டேங்குது" என்றார். அவர் குரலில் இருந்த சலிப்பு எனக்குப் பழக்கமானது. பழுது ஓரிடத்தில் இருக்க, பணம் வேறிடத்தில் போய்க்கொண்டிருந்தால் எவருக்கும் வரும் சலிப்பு.

மேனிபோல்டில் வேக்கம் கேஜை மாட்டினேன். எங்கள் உயரத்தில் நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17-லிருந்து 20 அங்குலம் பாதரசம் காட்ட வேண்டும். ஊசி 13-இல் நின்றது. நின்றது என்பது முக்கியம். வால்வு சரியாக உட்காராவிட்டால் ஊசி விட்டு விட்டுத் துடிக்கும். அசையாமல் தாழ்ந்து நின்றால் ஒன்று டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், டைமிங் சரி.

இந்தக் கேஜை நம்புகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல். அங்கே ஒரு குறையும் இல்லாத இன்ஜினே 12, 13 காட்டும். சமவெளியில் படித்த கணக்கை அப்படியே மேலே கொண்டுபோனால், நோயில்லாத வண்டிக்கு வைத்தியம் பார்க்கும்படி ஆகிவிடும்.

கசிவைத் தேட என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இன்றும் செய்கிறேன். இரண்டடி நீளத்துக்கு ஒரு வெற்று ட்யூப். ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்த வேண்டும். ஃபேன் சத்தம், டேப்பட் சத்தம் எல்லாம் பின்னே போய்விடும். கசியும் இடத்துக்கு வந்ததும் 'ஸ்ஸ்' என்று காதுக்குள்ளேயே இழுக்கும். பிறகு ஒவ்வொரு ஹோஸாக, பல்லில் ரப்பர் சுற்றிய கட்டிங் பிளேயரால் மெதுவாக நெரித்துப் பார்ப்பேன். நெரித்ததும் ஐடிலிங் மாறினால், நெரித்த இடத்துக்கு அப்புறம் காற்று நுழைகிறது என்று பொருள். சிலர் கார்ப்ரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். என் பட்டறையில் அதற்கு அனுமதியில்லை. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரே போதும். கசியும் இடத்தில் ஈரம் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறும்.

அந்த ஜிப்ஸியில் காது முதலில் பிடித்தது பிசிவி ஹோஸை. ஏர் கிளீனரைக் கழற்றி, சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தால், முழங்கை வளைவின் கீழ்ப்பக்கம் நீளமாகக் கிழிந்து, எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. ஐடிலிங் குறைக்கு அதுவே காரணம். ஆனால் அவர் சொன்ன மைலேஜ் குறைக்கு அது மட்டும் போதாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸை இரண்டு விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. நுனி இறுகி விரிந்து, நிப்பிளில் பிடிப்பே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. இது ஐடிலிங்கில் தெரியாத குறை. அந்த நிப்பிள் த்ராட்டில் தகடுக்கு மேலே இருப்பதால், தகடு மூடியிருக்கும்போது அங்கே வேக்கமே இருக்காது. காலை லேசாக வைத்துச் சமமான ரோட்டில் ஓட்டும்போதுதான் அது வேலைக்கு வரும். அப்போது டைமிங் முன்னேறாததால் இன்ஜின் மந்தமாகும், ஓட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் மிதிப்பார், பெட்ரோல் போகும். எத்தனை கிட் மாற்றியும் இதனால்தான் குணம் தெரியவில்லை.

கெட்ட இரண்டை மட்டும் மாற்றி அனுப்பலாம்தான். நான் அப்படிச் செய்வதில்லை. எல்லா ஹோஸும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே சூட்டில் கிடந்தவை. ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. ஒன்றைப் புதிதாகப் போட்டு அதை இழுத்துப் பொருத்தும்போது பக்கத்திலிருக்கும் கிழடு அசைந்து வெடிக்கும். மொத்த செட்டையும் மாற்ற ஆகும் பணம் அரை டேங்க் பெட்ரோல் விலைகூட வராது. வேலைதான் பொறுமை கேட்கும்.

இந்த வேலைக்கு முதல் சட்டம்: ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருவிப் போட்டுவிட்டு, எது எங்கே என்று தேடக்கூடாது. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: "தம்பி, முதல்ல போட்டோ எடு, அப்புறம் டேப் ஒட்டு, அப்புறம் கை வை." போட்டோவில் இருப்பதும் சரியென்று எடுத்துக்கொள்ள முடியாது. முன்பு கை வைத்தவர் மாற்றி மாட்டியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு ஹோஸும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, அங்கே அதற்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டேதான் போக வேண்டும்.

பழைய ஹோஸை நேராக இழுக்கக்கூடாது. முதலில் திருக வேண்டும். திருகி அசையாவிட்டால், பிளேடால் நுனியில் நீளவாக்கில் கீறி உரித்து எடுக்க வேண்டும். கார்ப்ரேட்டரில் இருக்கும் பித்தளை நிப்பிள் வெறும் அழுத்தத்தில் நிற்பது. முரட்டுத்தனமாக இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் நிப்பிளாக இருந்தால் முறிந்தே போகும். பிளேடு நிப்பிளில் கோடு போடாமலும் பார்க்க வேண்டும். அந்தக் கோடு வழியாகவே புது ஹோஸிலும் காற்று இழுக்கும். ஒட்டியிருக்கும் பழைய ரப்பர்த் துகளைத் துணியால் துடைத்தெடுத்து, வெர்னியரில் நிப்பிளை அளந்து, அதைவிடச் சற்றே சிறிய உள்விட்டத்தில் ஹோஸ் எடுக்கிறேன். மாட்டும்போது கிரீஸ் வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும்.

எந்த ரப்பர் என்பதில்தான் கடைக்காரரோடு எப்போதும் பேச்சு நடக்கும். நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் சிலிக்கான் ஹோஸ் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். சிலிக்கான் சூட்டைத் தாங்கும், ஓசோனுக்கும் அசையாது. ஆனால் பெட்ரோலும் ஆயிலும் அதற்கு ஆகாது. பிசிவிக்கு அதைப் போட்டால் சீக்கிரம் ஊதிப்போகும். மெல்லிய சுவர் கொண்ட சிலிக்கான் வேக்கத்தில் தட்டையாகவும் ஆகிவிடும். ஈபிடிஎம் ரப்பர் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நல்லது, எண்ணெய் பட்டால் கெட்டது. எண்ணெய் படும் இடத்துக்கு உள்ளே நைட்ரைல், வெளியே நியோபிரீன் உறை உள்ளதைத்தான் கேட்டு வாங்குகிறேன். தண்ணீர் ஹோஸும் மோட்டார் ட்யூபும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்காகச் செய்தவை. வேக்கம் ஹோஸ் வெளியிலிருந்து உள்ளே நசுக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அதுவும் சூட்டில் இளகிய நிலையில். சுவர் கனம் இல்லாத ஹோஸ் இன்ஜின் ஆறியிருக்கும்போது சரியாக இருக்கும், மலையேறிச் சூடானதும் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

நீளமும் வழியும் கடைசிக் கவனம். குறைவாக வெட்டினால் இன்ஜின் குலுங்கும்போது நுனியை இழுக்கும், அதிகமானால் மடியும். எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, எந்த விளிம்பிலும் உரசாமல் கொண்டுபோக வேண்டும். அந்த ஜிப்ஸியில் எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தபோது ஐடிலிங் எகிறியது, கறுப்புப் புகையும் வந்தது. பையன் முகம் மாறியது. ஆனால் அது நல்ல அறிகுறி. கசிவை மறைக்க முன்பு முறுக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது அதிகமாகத் தெரிகிறது. பழைய அளவு ஜெட்டைப் போட்டு, ஐடிலிங்கை 800-க்கும் 900-க்கும் நடுவே இறக்கியதும் கேஜ் ஊசி 18-இல் நின்றது.

இத்தனை நேரம் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த மலையில் அதைவிடப் பெரிது பிரேக். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதை தெரியாமல் இறங்கி பிரேக் காய்ந்து விபத்துக்குள்ளானவர்கள் நிறைய பேர்.

8 அங்குல விட்டமுள்ள பூஸ்டர் டயஃப்ரம் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 18 அங்குல வேக்கத்தில் அது சுமார் 200 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 12 அங்குலத்தில் அது 130 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஊட்டியில் ஐடிலிங்கில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக உயரமே மூன்றில் ஒரு பங்கு உதவியை எடுத்துக்கொண்ட இடத்தில், மிச்சத்தையும் ஒரு வெடித்த ஹோஸ் தின்றுவிட்டால் பெடல் கல்லாகிவிடும். கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், வேக்கமும் ஐடிலிங்கைவிட ஏறும். பெட்ரோல் மிச்சமென்று இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். கசியும் ஹோஸோ ஒருவழி வால்வோ இருந்தால் ஒரு மிதிக்குக்கூட வராது.

டீசல் ஜீப்பில் கதை வேறு. பழைய டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது, அதனால் மேனிபோல்டில் வேக்கமும் கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு வேக்கம் பம்ப் வைத்திருப்பார்கள். இன்ஜின் ஆயில் அதற்குள் போய் வரும். அந்த ஆயில் ஆவி ஹோஸுக்குள்ளும் ஏறும்.

மசினகுடிப் பக்கம் சவாரி ஓட்டும் ஜீப் ஒன்று வந்தது. "முதல் தடவை மிதிச்சா நல்லா பிடிக்குதுண்ணா. உடனே ரெண்டாவது தடவை மிதிச்சா கட்டை மாதிரி நிக்குது" என்றார் டிரைவர் தம்பி. பம்பில் கேஜ் வைத்தால் வேக்கம் முழுதாக இருந்தது. பூஸ்டரும் கசியவில்லை. ஹோஸ் வெளியே பார்க்க ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருந்தது. கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் தெரியவில்லை. பிளேடால் நீளமாக அறுத்துப் பிரித்தால், உள் அடுக்கு ரப்பர் துணி அடுக்கிலிருந்து பிரிந்து ஒரு நாக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் இழுக்கும்போதெல்லாம் அந்த நாக்கு வழியை மூடிவிடுகிறது. காத்திருந்தால் ஓரமாகக் கசிந்து கசிந்து பூஸ்டர் மெல்ல நிரம்பும். அதுதான் முதல் மிதி. அடுத்தடுத்து மிதித்தால் நிரம்ப நேரமில்லை. கொண்டை ஊசி வளைவில் அடுத்தடுத்துத்தான் மிதிக்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டை இன்றும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வேலை பழக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பூஸ்டர் ஹோஸ் மாற்றும்போது அதிலுள்ள ஒருவழி வால்வையும் பார்த்துவிட வேண்டும். வாயால் ஊதினால் பூஸ்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் பக்கம் மட்டும் காற்று போக வேண்டும். திருப்பி மாட்டினால் பூஸ்டருக்கு வேக்கமே போகாது. சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், வண்டிக்காரரே செய்யலாம். இன்ஜினை ஆஃப் செய்து, பெடல் கெட்டிப்படும்வரை சில முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. சற்று ஓடவிட்டு ஆஃப் செய்து, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே நின்றால் காற்று கசியவில்லை. முதல் மிதியே கெட்டியாக இருந்தால் மலைக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.

இப்போது வரும் பையன்கள் ஸ்கேனரோடு வளர்கிறார்கள். நல்லதுதான், கலவை மெலிந்திருக்கிறது என்பதை அது நொடியில் சொல்லிவிடும். எந்த வளைவின் கீழ்ப்பக்கம் என்பதை அவர்கள் கையும் காதும்தான் சொல்ல வேண்டும். அதனால் அவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது டியூனிங் அல்ல. கசிவு இருக்கும்போது ஸ்க்ரூவைத் தொடாதே என்பதைத்தான். ஸ்க்ரூவைத் திருப்பிச் சத்தத்தைச் சரிசெய்துவிடலாம், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் உதவி கேட்ட வண்டியை நாம் வாயடைத்து அனுப்பியிருப்போம். அதே ரப்பர் பிரேக்குக்கும் போகிறது என்பது அடுத்த இறக்கத்தில்தான் அவருக்குத் தெரியும்.

புது ஹோஸ் போட்ட வண்டிகளின் பில்லில் அளவையும் தேதியையும் எழுதித் தருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஒவ்வொரு நுனியையும் வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் பூஸ்டர் ஹோஸை மட்டும் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கூலி வேண்டாம், ஹோஸ் விலையை மட்டும் கொடுங்கள் என்று சொல்லியாவது மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தருகிறேன்.